கொயினாவா, வடிகாலா? பணியிட நலத்திட்டக் கட்டுரைகள் மீது ஒரு விமர்சனம்



'பணியிடத்தில் ஊழியர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் பேணும் வழிகள்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். முன்னுரையில் 'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்'. முதல் கருத்து உடற்பயிற்சி, இரண்டாவது சத்துணவு, மூன்றாவது யோகாவும் தியானமும், நான்காவது ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை. முடிவுரையில் 'சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும்'.

மொழியில் குறை சொல்ல இடமில்லை. பத்திப் பிரிப்பு சரி, பழமொழி சரி, இணைப்புச் சொற்களும் சரி. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கட்டுரையில் 'பணியிடம்' என்று வரும் இடத்திலெல்லாம் 'வீடு' என்று மாற்றுங்கள். 'ஊழியர்' என்பதை 'முதியவர்' என்று மாற்றுங்கள். ஒரு வாக்கியம்கூட உடையாது! அப்படின்னா என்ன அர்த்தம்? கட்டுரை பணியிடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வேலை நேரம் எவ்வளவு, மேலாளர் எப்படி, ஆள் பற்றாக்குறை உண்டா, நாற்காலி சரியாக இருக்கிறதா, இயந்திரம் எழுப்பும் சத்தம் எவ்வளவு என்ற எதுவும் உள்ளே இல்லை. ஊழியர் மட்டும் தனியாக நிற்கிறார். அவர் ஓடணும், கீரை சாப்பிடணும், மூச்சுப் பயிற்சி செய்யணும்.

இதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாக இருக்காது. நாம் கொடுக்கும் மாதிரிக் கட்டுரைகளும் இப்படித்தான் இருக்கின்றன. நிறுவனங்கள் உண்மையில் நடத்தும் நலத்திட்டங்களிலும் பல இதே வார்ப்புதான். ஆகவே இந்த விமர்சனம் இரண்டுக்கும் சேர்த்துத்தான். என் வாதம் இது: ஊழியரை நோயாளியாக்குவது எது என்று வேலைக்குள்ளே தேடி, அதை மாற்றும் திட்டமே பலன் தரும். ஊழியரை மட்டும் திருத்தப் பார்க்கும் திட்டம் நல்ல படங்களைத் தரும், அவ்வளவுதான்.

கிள்ளானில் நடந்தது

இந்த வாதத்துக்கு நம் மண்ணிலேயே, நம் முன்னோர் வாழ்க்கையிலேயே ஒரு சான்று இருக்கிறது. மாணவர்கள் கட்டுரையில் துணிந்து பயன்படுத்தலாம்.

1901-இல் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். அப்போது கிள்ளான் மலேரியாவில் தத்தளித்தது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், அதே கதைதான். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

வாட்சன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாருக்கும் கொயினா மாத்திரை கொடுப்பது. இன்னொன்று, கொசு பெருகும் சதுப்பு நிலத்தை வடிகால் வெட்டி வற்றவைப்பது, சுற்றியிருந்த காட்டை அழிப்பது. முதல் வழியில் ஒவ்வொரு மனிதனும் தினமும் ஒழுங்காக மாத்திரையை விழுங்க வேண்டும். கசக்கும், காது இரையும், பலர் துப்பிவிடுவார்கள். இரண்டாவது வழியில் நிர்வாகம் பணம் போட வேண்டும், ஆள் வைத்து வெட்ட வேண்டும், வெட்டிய வடிகாலைப் பராமரிக்க வேண்டும். வாட்சன் வடிகாலைத் தேர்ந்தெடுத்தார். 1901-இல் கிள்ளான் நகரத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 334 பேர். 1905-இல் அந்த எண்ணிக்கை 12.

இந்த எண்களை எந்தப் பழமொழிக்குப் பக்கத்திலும் வைத்துப் பாருங்கள், எது கனமாக இருக்கிறது என்று தெரியும். கிள்ளான்வாசிகள் திடீரென்று ஒழுக்கமானவர்களாக மாறிவிடவில்லை. அவர்கள் வாழ்ந்த இடம் மாறியது. கொயினாவும் வேண்டாம் என்று ஒதுக்கப்படவில்லை. காய்ச்சல் கண்டவருக்கு மருந்து தேவைதானே? தோட்டங்களில் அது தொடர்ந்து கொடுக்கப்பட்டது. ஆனால் மருந்து வடிகாலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

மலையேறியபோது தோற்ற திட்டம்

கதை இங்கே முடிந்திருந்தால் 'வடிகால் வெட்டு, காட்டை அழி' என்று ஒரு சூத்திரம் கிடைத்திருக்கும். ஆனால் ரப்பர்த் தோட்டங்கள் சமவெளியிலிருந்து மலைப்பகுதிக்குப் பரவியபோது அந்தச் சூத்திரம் பொய்த்தது. சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய கொசு, காட்டு நிழலில் தேங்கிய நீரில் வாழ்வது. நிழலை எடுத்தால் அது ஒழிந்தது. மலைப்பகுதியில் இருந்ததோ வேறு கொசு. அதற்குப் பிடித்தது வெயில் படும் தெளிந்த ஓடைநீர். அங்கே காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டபோது கொசு குறையவில்லை, பெருகியது. லயத்தில் படுத்திருந்த தமிழ்த் தொழிலாளிக்குக் காய்ச்சலும் பெருகியது.

அதன் பிறகு நிலத்தடிக் குழாய்கள் பதித்து நீரை மண்ணுக்குள்ளேயே கொண்டுபோனார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். எந்த இடத்தில் எந்தக் கொசு என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கு ஏற்ற வேலையை மட்டும் செய்யும் முறை மலாயாவிலிருந்து வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கும் போனது.

இன்றைய நலத்திட்டங்கள் கற்க வேண்டிய இரண்டாவது பாடம் இது. ஒரு வங்கியில் பலித்த திட்டத்தை அப்படியே ஒரு தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? வங்கி ஊழியருக்குப் பிரச்சினை நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. தொழிற்சாலை ஊழியருக்கு 12 மணி நேரம் நின்றிருப்பது. இருவருக்கும் ஒரே 'பத்தாயிரம் அடி நடை' போட்டி வைத்தால், இரண்டாமவர் சிரிப்பார். சிரிக்கத் தெம்பு இருந்தால்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோட்ட முதலாளிகள் கருணையால் வடிகால் வெட்டவில்லை. காய்ச்சலில் கிடப்பவன் பால்மரம் வெட்ட முடியாது. கடல் தாண்டி ஆள் கொண்டுவரச் செலவு ஆகிறது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்குத் தடை வந்த பிறகு, நோய் பிடித்த தோட்டத்தில் ஆளைப் பிடித்து வைப்பது இன்னும் கடினமானது. கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். அதனால் மலேரியா குறைந்ததே தவிர, கூலியும் கள்ளுக்கடையும் லயத்து வாழ்க்கையும் அப்படியேதான் இருந்தன. தொழிலாளியிடம் யாரும் 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கவில்லை. முதலாளியின் கணக்கில் வருகிற நோய்க்கு மட்டும்தான் மருந்து. இந்தக் குறையையும் சேர்த்துத்தான் அந்தச் சாதனையை மதிப்பிட வேண்டும்.

இன்றைய ஆய்வுகள் சொல்வது

'அதெல்லாம் பழைய கதை, இப்போது காலம் மாறிவிட்டது' என்று சிலர் சொல்லலாம். சரி, அண்மைய ஆய்வுகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் உடல்நலத் திட்டத்தில் சேர வாய்ப்பு. மருத்துவப் பரிசோதனை, உடல்நல வகுப்புகள், பங்கெடுத்தால் பரிசுத்தொகை எல்லாம் உண்டு. 2019-இல் வெளியான முடிவு: மருத்துவச் செலவிலோ, உடல்நலப் பழக்கங்களிலோ, வேலைத்திறனிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள், சேர்வதற்கு முன்பே மற்றவர்களைவிட நல்ல பழக்கமும் குறைந்த மருத்துவச் செலவும் உள்ளவர்கள்.

இதை மாணவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். 'திட்டத்தில் சேர்ந்தவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள், ஆகவே திட்டம் வெற்றி' என்று ஒரு நிறுவனம் அறிக்கை விட்டால், அது டியூஷனுக்குத் தானாக வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காட்டி 'எல்லாம் என் டியூஷனால்' என்று சொல்வதுபோலத்தான்.

அதே ஆண்டில் அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றில், சுமார் 33,000 ஊழியர்களைக் கொண்டு நடந்த ஆய்வும் வெளியானது. 160 கிளைகளில் 20 கிளைகளைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துத் திட்டத்தை நடத்தினார்கள். 18 மாதம் கழித்து அந்தக் கிளைகளின் ஊழியர்கள் 'உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம்' என்று கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை அளவு, விடுப்பு நாட்கள், மருத்துவச் செலவு என எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மனநலத்துக்கு வருவோம். பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை வைத்து ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வாளர் ஒருவர் 2024-இல் கட்டுரை வெளியிட்டார். மனவுறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, கைப்பேசிச் செயலி போன்றவற்றில் பங்கெடுத்தவர்கள், பங்கெடுக்காதவர்களைவிட நல்ல மனநிலையில் இல்லை. தொண்டூழியம் மட்டும் விதிவிலக்காகத் தெரிந்தது. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல, ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு. ஆகவே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் முந்தைய இரண்டு ஆய்வுகளும் காட்டிய திசையில்தான் இதுவும் போகிறது.

அப்படியானால் எது பாதிக்கிறது? லண்டன் அரசு ஊழியர்கள் 10,000-க்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் வைட்ஹால் ஆய்வு ஒரு விடை தருகிறது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் அதிகம் வந்தது. அதாவது, வேலையின் சுமையோடு அந்த வேலையின் மீது நமக்குள்ள பிடியும் உடம்பைத் தொடுகிறது. இந்தப் பிடியை எந்த யோகா வகுப்பும் தர முடியாது, நிர்வாகம்தான் தர முடியும்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும்

நல்ல விமர்சனம் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். மலேசியாவில் 2023-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு. பலருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது. அப்படிப்பட்டவரை ஒரு பரிசோதனை கண்டுபிடித்துக் கொடுத்தால், அது பெரிய உதவிதான். 40 வயதான சந்தாதாரர்களுக்குச் சொக்சோ கொடுத்துவரும் இலவசப் பரிசோதனையை யாரும் வீண் என்று சொல்ல மாட்டோம். யோகாவும் கெடுதல் இல்லை. காலையில் நண்பர்களோடு நடப்பது சந்தோஷம்.

குறை எங்கே வருகிறது என்றால், இவற்றைச் செய்துவிட்டு 'நலத்திட்டம் முடிந்தது' என்று கோப்பை மூடும்போதுதான். பரிசோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்த பேருந்து ஓட்டுநருக்கு, நேரத்துக்குச் சாப்பிட இடைவேளை கிடைக்கும்படி அட்டவணை மாறியதா? இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்றால் பரிசோதனை பாதி வேலைதான். கொயினா கொடுத்தாச்சு, சதுப்பு நிலம் அப்படியே இருக்கு.

சட்டங்களும் இந்தத் திசையில்தான் நகர்கின்றன. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. ஒருசில விலக்குகள் தவிர எல்லாப் பணியிடங்களும் இப்போது அதற்குள் வருகின்றன. பணியிடத்தில் என்ன ஆபத்து உண்டு என்று முதலில் மதிப்பிடுவது முதலாளியின் கடமை. 2023 ஜனவரி 1 முதல் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வாராந்திர வேலைநேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது, மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. சிங்கப்பூரில் பணியிடத்து மன உளைச்சலின் காரணங்களை நிறுவனமே அளந்து பார்க்க 'ஐவொர்க்ஹெல்த்' என்ற இலவசக் கருவி 2021-இல் வந்தது. இவை எதுவும் ஊழியரைப் பார்த்து 'நீ மாறு' என்று சொல்லவில்லை. வேலையைப் பார்த்துக் கேள்வி கேட்கின்றன.

நம் ஆசிரியர் அறையில்

இந்த வெளிச்சத்தை நம் பக்கமும் திருப்ப வேண்டாமா? பள்ளியும் ஒரு பணியிடம்தான்.

ஆசிரியர் நலன் என்றவுடன் நம்மிடம் என்ன நடக்கிறது? ஒரு சனிக்கிழமை காலை ஸும்பா. அதற்கு வருகைப் பதிவு. பிறகு படங்கள், அறிக்கை, அந்த அறிக்கையை இரண்டு இடத்தில் பதிவேற்றம். ஓய்வு நாள் போனது, எழுத்து வேலை கூடியது. 'நலத்திட்டம் முடிஞ்சதும்தான் எனக்கு ரெஸ்ட்' என்று ஓர் ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னால், அந்தச் சிரிப்பில் ஒரு விமர்சனக் கட்டுரையே இருக்கிறது.

நம் அறையில் உள்ள 'கொசு' எவை என்று பட்டியல் போட்டால், எல்லாருக்கும் தெரிந்தவைதான் வரும். அடுத்தடுத்து நான்கு பாடவேளை ஓய்வில்லாமல் வகுப்பு. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டுவது. குரல் பாதிப்பு ஆசிரியர் தொழிலில் மற்றத் தொழில்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் பதிவான உண்மை. ஒரே தரவை மூன்று படிவங்களில் நிரப்புவது. இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'நாளை காலைக்குள் அனுப்பவும்'. ஒருவர் எம்சி எடுத்தால் அவருடைய வகுப்பெல்லாம் ரிலீஃப் ஆக மற்றவர் தலையில் விழுவது. அதனாலேயே காய்ச்சலோடு பள்ளிக்கு வருவது.

இவற்றில் எல்லாவற்றையும் ஒரு பள்ளியால் மாற்ற முடியாது. ஆள் பற்றாக்குறையை அமைச்சுதான் தீர்க்க வேண்டும். ஆனால் சிலவற்றைத் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினாலே மாற்றலாம். அட்டவணையில் தொடர்ச்சியாக மூன்று வேளைக்கு மேல் வராமல் பார்ப்பது. பெரிய வகுப்புகளுக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கி. மாலை 6 மணிக்கு மேல் அவசரம் தவிரக் குழுவில் பணிச் செய்தி கிடையாது என்ற ஒப்பந்தம். ஒருமுறை நிரப்பிய தரவை மறுபடி கேட்பதில்லை என்ற விதி. பெரிய செலவு இல்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் தன் பழக்கத்தை மாற்ற வேண்டும். ஸும்பா எளிதாகப் பிடித்துப்போவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதில் மாற வேண்டியவர் எப்போதும் கீழே இருப்பவர்.

செய்யும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. யார் எத்தனை எம்சி எடுத்தார் என்று பெயர் போட்டுப் பலகையில் ஒட்டுவது நலத்திட்டம் ஆகாது. அது மிரட்டல். எந்த மாதத்தில், எந்த வேலை குவியும்போது விடுப்பு கூடுகிறது என்று பார்த்தால் போதும். ஒன்றை மாற்றி, ஒரு தவணை பொறுத்து, குறைந்ததா என்று மறுபடி கேளுங்கள். குறையவில்லை என்றால் அது வேறு கொசு. அதைத் தேடுங்கள்.

மாணவர்களுக்கு

இனி இந்தத் தலைப்பு வந்தால், எந்த நலத்திட்டத்தையும் நான்கு கேள்விகளால் சோதித்து எழுதுங்கள்.

1. நோய்க்கு வேலையில் உள்ள காரணம் எது என்று இத்திட்டம் கண்டுபிடித்ததா?
2. மாற வேண்டியது யார், ஊழியரா, வேலை முறையா?
3. ஊழியரிடம் கேட்டுத் திட்டம் போட்டார்களா?
4. பலன் உண்டா என்று எதை வைத்து அளந்தார்கள், வருகைப் பதிவையா, உடல்நலத்தையா?

வேறுபாடு புரிய ஒரு சிறு எடுத்துக்காட்டு. வழக்கமான வாக்கியம்: 'முதலாளிகள் ஊழியர்களுக்கு யோகா வகுப்புகளை ஏற்பாடு செய்வதன்வழி மன அழுத்தத்தைக் குறைக்கலாம்.' திருத்திய வடிவம்: 'மன அழுத்தத்திற்கு நீண்ட வேலை நேரம் காரணமாயின், முதலாளி முதலில் வேலை நேரத்தைச் சீரமைக்க வேண்டும், யோகா வகுப்பு அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.' இரண்டாவது வாக்கியத்தில் காரணம் உண்டு, பொறுப்பு யாருடையது என்பது உண்டு, மறுதரப்புக்கும் இடம் உண்டு. கருத்துவிளக்கக் கட்டுரையில் நாம் எதிர்பார்ப்பது இதைத்தான். கிள்ளான் எண்கள் இரண்டையும், 334, 12 என்று, சான்றாகச் சேர்த்தால் பத்தி தானாக நிமிர்ந்து நிற்கும்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்க ஒரு நடவடிக்கை: ஒவ்வொரு மாணவரும் வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவரிடம் ஒரே கேள்வி கேட்டு வரட்டும். 'உங்க வேலையில எது மாறினா உங்க உடம்புக்கு நல்லது?' லாரி ஓட்டும் அப்பா ஒன்று சொல்வார், தாதியாக இருக்கும் அக்கா வேறொன்று சொல்வார், தொழிற்சாலைக்குப் போகும் அம்மா இன்னொன்று. அந்தப் பதில்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன் பிறகு கட்டுரையைத் தொடங்கச் சொல்லுங்கள். முன்னுரைக்குப் பழமொழி தேட வேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது.